மூச்சு திரும்பிய பிறகு

அளவு மீறிய ஹெராயினால் மூச்சு அடங்கி, உதடு நீலம் பாரித்த நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் ஒருவருக்கு நலாக்சோன் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றினால், இரண்டு மூன்று நிமிடங்களில் அவர் கண் திறக்கிறார். சில நேரம் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்கிறார். இவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் வேலை செய்யும் முறிவு மருந்துகள் மருத்துவத்தில் மிகச் சில. பார்ப்பவர்களுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் தோன்றும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2011க்கும் 2015க்கும் இடையில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இப்படி உயிர் பிழைத்த 11,557 பேரின் விவரங்களை இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் 635 பேர் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். அந்த 635 பேரில் 130 பேர் முதல் மாதத்தைத் தாண்டவில்லை. 29 பேர் இரண்டு நாளைக்கூடத் தாண்டவில்லை.

நின்ற மூச்சையே திருப்பித் தரும் மருத்துவமனையால் அதே உயிரை ஒரு மாதம் நிலைநிறுத்த ஏன் முடியவில்லை? மூச்சு எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் இதற்கு விடை கிடைக்கும்.

வலி மருந்து மூச்சை நிறுத்தும் விதம்

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. அபினிலிருந்து பிரிக்கப்படும் மார்ஃபின், மார்ஃபினைச் சற்றே மாற்றிச் செய்யும் ஹெராயின், முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தில் பிறந்த மெத்தடோன், ஃபெண்டனில் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து அபின்வகை மருந்துகள் என்று இங்கே சொல்லலாம். பிறந்த இடம் வெவ்வேறானாலும் உடலில் இவை போய்ச் சேரும் இடம் ஒன்றே. நரம்புச் செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் ஒருவகைப் புரதம் அது. அதற்கு ஏற்பி என்று பெயர். உரிய வேதிப்பொருள் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் ஒரு மாற்றத்தைத் தொடங்கிவைப்பது ஏற்பியின் வேலை. அபின்வகை மருந்து ஒட்டினால் அந்த மாற்றம் செல்லின் துடிப்பை அடக்குகிறது.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வாளர்கள் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் 1973இல் இந்த ஏற்பியை மூளைத் திசுவில் அடையாளம் கண்டார்கள். அதே ஆண்டில் வேறு இரண்டு குழுக்களும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தன. ஒரு செடியின் பாலுக்காக மூளை ஏன் ஏற்பி வைத்திருக்கவேண்டும் என்ற கேள்விக்கு 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து பதில் வந்தது. வலியைத் தணிக்க மூளை தானாகவே இதே வகைப் பொருள்களைச் சிறிதளவு சுரக்கிறது என்று ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் காட்டினார்கள். அபினுக்கு மூளையில் இடம் கிடைப்பது இதனால்தான்.

இந்த ஏற்பிகள் வலி நரம்புகளில் மட்டும் இருந்திருந்தால் மிகையளவால் யாரும் இறக்கமாட்டார்கள். மூளையும் தண்டுவடமும் சேரும் மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்புச் செல்களின் சிறு கூட்டம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் இதே ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. மருந்து அங்கே சேரச்சேரத் தாளம் தளர்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூச்சை விரைவுபடுத்தும் உணர்வும் மழுங்குகிறது. மூச்சை அடக்கிக்கொள்ளும் எவருக்கும் சிறிது நேரத்தில் எழும் அந்தத் தவிப்பு, மிகையளவில் கிடப்பவருக்கு எழுவதே இல்லை. அதனால் திணறலோ போராட்டமோ வெளியே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும் கரகரப்பு தூக்கத்துக் குறட்டை போலவே இருக்கும். அதை நம்பி எழுப்பாமல் விட்டுவிடுவதால் போகும் உயிர்கள் பல.

மயக்கம் முற்றுவதற்கு முன், 'மூச்சை இழுங்கள்' என்று சொன்னால் நோயாளி இழுப்பார்; சொல்வதை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார். நுரையீரலும் மார்புத் தசைகளும் நன்றாகவே இருக்கின்றன. தாளம் மட்டும்தான் போயிருக்கிறது.

மயக்கம், நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கும் குறைந்த மூச்சு, ஊசி முனையளவு சுருங்கிய கண்மணி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அபின்வகை மருந்தின் மிகையளவு என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் கண்மணி இப்படிச் சுருங்கியிருந்தால் முதலில் நினைவுக்கு வருவது பூச்சிமருந்து. பாஸ்பரஸ் கலந்த பூச்சிமருந்துகளும் கண்மணியைச் சுருக்கும். ஆனால் அதில் எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், தசைகள் துடிக்கும். அபின்வகையில் இவை இருக்காது.

பழகிய உடலும் பழக்கம் விட்ட உடலும்

தொடர்ந்து எடுத்துக்கொண்டால் ஏற்பிகள் மருந்துக்கு மசிவது குறைகிறது. முன்பு போதுமானதாக இருந்த அளவு போதாமல் போய், அளவு ஏறிக்கொண்டே போகிறது. இதைத் தாங்குதிறன் என்கிறார்கள். புதியவர் ஒருவரைக் கொல்லக்கூடிய அளவை நெடுநாள் பழகியவர் எடுத்துக்கொண்டு நடமாடுவது இதனால்தான். சிறையிலோ மறுவாழ்வு இல்லத்திலோ சில வாரம் மருந்தே இல்லாமல் இருந்தால் தாங்குதிறன் வடிந்துவிடும். ஆசை வடிவதில்லை. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருள் மிகையளவால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு அதிகம் என்று கண்டது.

கட்டாயமாக நிறுத்தவைத்தால் பழக்கம் தீரும் என்று நம்பும் குடும்பங்களுக்கு இந்தத் தகவலை அழுத்தமாகச் சொல்லவேண்டும். சிகிச்சை ஏதும் இல்லாமல் உடலைச் 'சுத்தம்' செய்து அனுப்பப்படும் காலமே மிக ஆபத்தான காலம்.

முதலில் காற்று, அடுத்து மருந்து

நலாக்சோனின் புகழால் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது, ஊசி போட்டால்தான் உயிர் வரும் என்று. கொல்வது ஆக்சிஜன் இன்மை. ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வேலை தாடையைத் தூக்கி மூச்சுவழியைத் திறந்து, முகமூடி பொருத்திய ஆம்பு பையை அழுத்திக் காற்றைச் செலுத்துவது. மருந்து கைக்கு வர ஐந்து நிமிடம் ஆனாலும், காற்று போய்க்கொண்டிருந்தால் மூளை பிழைக்கும்.

நலாக்சோன் 1961இல் நியூயார்க்கில் ஜேக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் ஆகியோரால் காப்புரிமை கோரப்பட்டு, 1971இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதன் மூலக்கூறு மார்ஃபினைப் போன்ற அமைப்பு உடையது. அதே ஏற்பியில், மார்ஃபினைவிட இறுக்கமாக ஒட்டும். ஒட்டினாலும் செல்லுக்குள் எந்த மாற்றத்தையும் தொடங்காது. அபின்வகை மருந்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சும்மா அமர்ந்திருப்பதே அதன் வேலை. அபின்வகை எதுவும் இல்லாத உடலில் செலுத்தினால் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் இருக்காது. சந்தேகம் இருந்தாலே கொடுத்துப் பார்க்கலாம் என்ற துணிச்சல் இதிலிருந்து வருகிறது.

தேர்ந்த மருத்துவர்கள் இதைக் கொட்டிவிடுவதில்லை. நெடுநாள் பழகியவருக்கு 0.04 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் தொடங்கி, மூச்சு போதுமான வேகத்துக்கு வரும்வரை கூட்டுகிறார்கள். மூச்சு திரும்புவதுதான் இலக்கு, முழு விழிப்பு அன்று. எல்லா ஏற்பிகளிலிருந்தும் ஒரே வீச்சில் மருந்தை உதறிவிட்டால் அவருக்கு வாந்தி, நடுக்கம், கொந்தளிப்பு எல்லாம் சேர்ந்து வரும். வாந்தி நுரையீரலுக்குள் போகலாம்.

ஒரு கணக்கு

எழுந்து உட்கார்ந்தவரை ஏன் உடனே அனுப்பக்கூடாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒருவர் மெத்தடோன் மாத்திரைகளை அளவு மீறி விழுங்கியிருக்கிறார். 0.4 மில்லிகிராம் நலாக்சோனில் மூச்சு சீரானது. இரண்டு மருந்துகளையும் கல்லீரல் கழித்துக்கொண்டே இருக்கும். ஒரு மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்துக்கு அரைவாழ்வு என்று பெயர். நலாக்சோனுக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரம். மெத்தடோனுக்கு ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு ஒரு நாளுக்கும் மேல். இங்கே 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மணி நேரம் கழித்து நலாக்சோன் பாதி. மெத்தடோன் நூற்றுக்கு 97. இரண்டு மணி நேரத்தில் நலாக்சோன் கால் பங்கு, மெத்தடோன் 94. நான்காவது மணியில் நலாக்சோன் பதினாறில் ஒரு பங்காகிவிட, மெத்தடோன் இன்னும் 89 இருக்கிறது. வயிற்றில் கரையாத மாத்திரை மீதம் இருந்தால் அது கூடவும் செய்யும். காவல் போய்விட்டது, எதிராளி ஏறக்குறைய முழுப் பலத்தோடு நிற்கிறார். ஏற்பிகளில் மெத்தடோன் மீண்டும் அமர, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவரின் மூச்சு மறுபடி அடங்குகிறது. அவர் அப்போது வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தால் காப்பாற்ற யாரும் இல்லை.

நலாக்சோனை டிரிப்ஸ் வழியாகத் தொடர்ந்து ஏற்றுவதே இதற்கு வழி. எந்த வேகத்தில்? மணிக்குப் பாதி கரைகிறது என்றால் மணிக்குப் பாதியை ஈடுசெய்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அது போதாது. நிரப்பாமல் விட்டால்தான் ஒரு மணியில் பாதி குறையும். இருப்பு குறையக்குறைய இழப்பின் வேகமும் குறைவதால் அது பாதியோடு நிற்கிறது. இருப்பு எப்போதும் முழுமையாகவே இருக்கவேண்டும் என்றால் இழப்பும் எப்போதும் முழு வேகத்தில் நடக்கும். ஒரு மணியை ஆறு ஆறு நிமிடமாகப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் ஆறு நிமிடத்தில் கரைவது நூற்றுக்கு 6.7. அதை உடனே நிரப்பினால் அடுத்த ஆறு நிமிடத்திலும் அதே 6.7 கரையும். இப்படிப் பத்து முறை சேர்த்தால் 67, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 0.4 மில்லிகிராமில் எழுந்தவருக்கு மணிக்கு ஏறத்தாழ 0.27 மில்லிகிராம், ஒரு நாள் முழுவதும் தேவைப்பட்டால் சுமார் ஆறரை மில்லிகிராம்.

மருத்துவர் லூயிஸ் கோல்ட்ஃபிராங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1986இல் இன்னும் நுணுக்கமான கணக்குகள் போட்டு வெளியிட்ட விதியும் இதுதான்: எழுப்பிய அளவில் மூன்றில் இரண்டு பங்கு, மணிக்கு மணி. விதி தொடக்கம் மட்டுமே. அதன்பின் மூச்சை எண்ணி, பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பார்த்து, கூட்டவும் குறைக்கவும் செவிலியர் பக்கத்தில் இருக்கவேண்டும். ஹெராயின் போல விரைவில் கழியும் மருந்தானால் சில மணி நேரக் கண்காணிப்பே போதும்.

உயிர் வந்தது, பழக்கம் போகவில்லை

பல ஆண்டுகள் அபின்வகை மருந்தோடு வாழ்ந்த மூளை, அந்த மருந்து இருக்கும் என்ற கணக்கிலேயே தன் துடிப்பைக் கூட்டி வைத்திருக்கும். மருந்து நின்றதும் அந்தக் கூடுதல் துடிப்பு கட்டவிழ்கிறது. வியர்வை, மூக்கொழுக்கு, கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் வலி, இருந்த இடத்தில் இருக்கமுடியாத தவிப்பு. இதற்கு விலகல் துன்பம் என்று பெயர். அமெரிக்க மருத்துவமனைகள் பதினோரு அறிகுறிகளுக்கு மதிப்பெண் இட்டு இதை அளக்கின்றன. எட்டைத் தொட்டால் கவனிக்கத்தக்க துன்பம்.

நலாக்சோனால் எழுந்தவர் உட்கார்ந்திருப்பது இந்தத் துன்பத்தின் நடுவில். தன்னை மூச்சின்றிக் கிடத்திய மருந்தையே தேடி அவர் வெளியேறுவதை மன உறுதியின்மை என்று பலரும் சொல்கிறார்கள், அது சரியன்று. அந்த நிலையில் உடல் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான். நெடுங்காலமாக அவசர சிகிச்சைப் பிரிவுகள் இவர்கள் கையில் கொடுத்து அனுப்பியது, சிகிச்சை நிலையங்களின் தொலைபேசி எண்கள் அச்சிட்ட ஒரு தாள்.

பாதியில் நிற்கும் மருந்து

இங்கேதான் இரண்டாவது மருந்து வருகிறது. இங்கிலாந்தின் ஹல் நகரில் 1966இல் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கியது புப்ரெனார்ஃபின். வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரை நினைத்துக்கொண்டால் இதன் தன்மை பிடிபடும். ஹெராயினும் ஃபெண்டனிலும் குமிழை ஐந்துவரை திருப்பக்கூடியவை, முழு இயக்கிகள். நலாக்சோன் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துப் பிடித்துக்கொள்கிறது. புப்ரெனார்ஃபின் அதை இரண்டுக்குத் திருப்பி, அங்கேயே இறுகிவிடுகிறது. அதனால் இது பகுதி இயக்கி.

குமிழ் இரண்டில் நிற்பதால் விலகல் துன்பம் அடங்குகிறது. ஐந்துக்குப் போகாததால், இன்னும் அதிகம் எடுத்தாலும் மூச்சு ஓர் எல்லைக்குக் கீழே இறங்குவதில்லை. மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு குறைகிறது. ஏற்பியை இறுகப் பற்றியிருப்பதால், இதற்கு மேல் ஹெராயின் எடுத்தாலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஒரு நாளுக்கும் மேல் நீடிப்பதால் தினம் ஒருமுறை போதும். விழுங்கினால் கல்லீரலிலேயே பெரும்பகுதி அழிந்துவிடும் என்பதால் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கவேண்டும்.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்ற கேள்வியைக் குடும்பத்தார் மட்டுமல்ல, மருத்துவர்களும் கேட்பதுண்டு. உடல் இந்த மருந்தையும் சார்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும் மயக்கமும் தவிப்பும், கலப்படம் தெரியாத தூளைத் தேடும் அலைச்சலும், மூச்சு நிற்கும் அச்சமும் போய், ஒருவர் காலையில் மருந்தை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். மிகையளவிலிருந்து பிழைத்த 17,568 பேரைப் பின்தொடர்ந்த இன்னொரு மாசசூசெட்ஸ் ஆய்வு 2018இல் வெளியானது. மருந்துச் சிகிச்சை ஏதும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், அபின்வகை மருந்துகளால் நேரும் இறப்பு, புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களிடம் 38 சதவீதமும், மருத்துவக் கண்காணிப்பில் மெத்தடோன் எடுத்தவர்களிடம் 59 சதவீதமும் குறைவாக இருந்தது. மேலே உயிருக்கு எதிராளியாக வந்த அதே மெத்தடோன் சரியான அளவில், சரியான கையில் உயிர் காக்கிறது.

எப்போது தொடங்குவது என்பதில்தான் நுணுக்கம். ஏற்பிகளில் ஹெராயின் நிறைந்திருக்கும்போது புப்ரெனார்ஃபினைக் கொடுத்தால் குமிழ் ஐந்திலிருந்து சட்டென்று இரண்டுக்கு விழும். அந்த வீழ்ச்சியே கடும் விலகல் துன்பமாகும். எனவே துன்பம் தானாகத் தொடங்கும்வரை காத்திருந்து, மதிப்பெண் எட்டைத் தொட்டதும் கொடுக்கிறார்கள். இப்போது குமிழ் மேலேதான் போகும். அரை மணி, முக்கால் மணியில் நோயாளியின் முகம் மாறுவது தெரியும். நலாக்சோன் கொடுத்து எழுப்பப்பட்டு, அதனாலேயே துன்பப்படுபவருக்கு அங்கேயே புப்ரெனார்ஃபின் தொடங்கும் வழக்கமும் கலிஃபோர்னியாவில் வந்திருக்கிறது.

நியூ ஹேவன் சோதனை

புப்ரெனார்ஃபினை அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்கினால் என்ன? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் கெய்ல் டொனோஃப்ரியோவும் அவருடைய குழுவும் 2009 முதல் 2013 வரை நியூ ஹேவன் மருத்துவமனையில் 329 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிகிச்சை நிலையங்களின் விவரம் மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சற்று நேரம் உட்கார்ந்து பேசி, சேரவேண்டிய இடத்துக்கு ஏற்பாடும். மூன்றாவது பிரிவுக்குப் பேச்சோடு புப்ரெனார்ஃபினும் அங்கேயே தொடக்கம். முப்பது நாள் கழித்து யார் யார் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று பார்த்தபோது, முதல் பிரிவில் நூற்றுக்கு 37, இரண்டாவதில் 45, மூன்றாவதில் 78. மருந்து தொடங்கப்பட்ட 114 பேரில் 89 பேர்.

2015இல் வெளியான இந்த முடிவு அவசர மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மருந்துப் பிரிவினருக்கு ஆய்வுக் குழுவே பத்து வாரம் சிகிச்சையைத் தொடர்ந்தது. பிறகு வெளியே அனுப்பியது. ஆறாவது மாதத்தில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லாமல் போயிற்று. அவசர சிகிச்சைப் பிரிவு தொடங்கிவைக்கலாம். தொடர ஊரில் ஒரு மருத்துவர் வேண்டும்.

அப்படிப்பட்ட மருத்துவர்களை அமெரிக்கச் சட்டமே குறைத்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, புப்ரெனார்ஃபின் சீட்டு எழுத மருத்துவர் எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றுத் தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. ஆக்ஸிகோடோன் போன்ற முழு இயக்கியை வலிக்கு எழுத அந்தத் தனி அனுமதி தேவைப்படவில்லை. பழக்கத்தை உண்டாக்கும் மருந்துக்குத் திறந்திருந்த கதவு, அதிலிருந்து மீட்கும் மருந்துக்கு மூடியிருந்தது. 2022 டிசம்பரில்தான் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இதற்குள் எத்தனை பேரை இழந்திருக்கவேண்டும் என்பதற்கு ஃபிரான்ஸைப் பார்க்கலாம். அங்கே 1990களின் நடுவிலேயே குடும்ப மருத்துவர்கள் அனைவருக்கும் இந்த அனுமதி கிடைத்தது. 1995க்கும் 1999க்கும் இடையில் அந்நாட்டின் மிகையளவு மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

ஃபெண்டனில் வந்த பின்

பெல்ஜியத்தில் பால் ஜான்சன் குழு 1960 வாக்கில் அறுவைச் சிகிச்சைக்காக உருவாக்கிய ஃபெண்டனில், மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் உடையது. கடந்த பத்தாண்டில் அது சட்டவிரோதத் தூளாகவும் போலி மாத்திரையாகவும் ஹெராயினின் இடத்தைப் பிடித்தது. 2022இல் அமெரிக்காவில் போதைப்பொருள் மிகையளவால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், பெரும்பாலோர் இதனால்.

தொடர்ந்து எடுப்பவரின் கொழுப்பில் ஃபெண்டனில் தங்கி மெல்லக் கசிவதால், புப்ரெனார்ஃபின் கடும் விலகலைத் தூண்டிவிடும் என்ற அச்சம் மருத்துவர்களிடம் பரவியது. பல நகரங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பார்த்தபோது, 1,200 பேரில் 9 பேருக்கு மட்டுமே அப்படி நேர்ந்திருந்தது. நேர்ந்தாலும், மேலும் புப்ரெனார்ஃபின் கொடுத்தே அதை அடக்குவது வழக்கமாகி வருகிறது.

இன்னும் கடினமானது சைலசின் என்ற கால்நடை மயக்க மருந்து. ஃபிலடெல்ஃபியாவில் விற்ற தூளில் இது பெருமளவு கலந்திருந்தது. இது வேறு ஏற்பியில் வேலை செய்வதால் நலாக்சோன் இதை முறிக்காது. மூச்சு திரும்பினாலும் மயக்கம் தெளியாது. அப்போது நலாக்சோனை மேன்மேலும் ஏற்றுவதில் பயனில்லை. காற்றைக் கொடுத்துக் காத்திருப்பதே சிகிச்சை.

வெளியே அனுப்பும்போது

புப்ரெனார்ஃபின் தொடங்கியவர் வெளியேறும்போது, அடுத்த மருத்துவரைப் பார்க்கும் நாள்வரைக்கும் போதுமான மருந்துச் சீட்டோடு, மூக்கில் பீய்ச்சும் 4 மில்லிகிராம் நலாக்சோனும் கொடுக்கப்படவேண்டும். 2023 முதல் அமெரிக்காவில் இது சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைக்கிறது. மயங்கியவர் தனக்குத்தானே பீய்ச்சிக்கொள்ள முடியாது. எனவே அதைப் பயன்படுத்தும் முறையை உடன் வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: பீய்ச்சு, மூச்சு கொடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு, எழுந்தாலும் தனியே விடாதே. புப்ரெனார்ஃபின் வேண்டாம் என்று மறுப்பவருக்கும் நலாக்சோனைக் கொடுத்தே அனுப்புகிறார்கள்.

சீட்டோடு போகும் மருந்துக்கடையில் புப்ரெனார்ஃபின் இருப்பு இல்லாமல் போவதும், அடுத்த மருத்துவர் இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைப்பதும் இன்றும் நடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப, தோலுக்கடியில் போட்டால் ஏழு நாள் மெல்லக் கரையும் புப்ரெனார்ஃபின் ஊசிக்கு 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அவசர சிகிச்சைப் பிரிவிலேயே இதைப் போட்டு அனுப்பினால், கடையைத் தேடாமலும் மாத்திரை தொலையாமலும் முதல் வாரம் கடக்கிறது.